வாய் இருக்கும் இடம்

மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டியில் ஒரு வாரமாக ஏதோ ஒன்று மீன்களின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. தட்டையான மஞ்சள் மீனின் வாலோரத்தில் அரைவட்டமாக ஒரு துண்டையே காணோம். தொட்டியைப் பராமரிப்பவள் கண்ணாடி முன் முக்காலியைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் காலை விஷயம் தெரிந்தது. பவளப்பாறை ஓரமாகப் பெரிய மீன்கள் அசையாமல் நிற்கும். விரல் நீளத் துப்புரவு மீன்கள் இரண்டு வந்து, அவற்றின் உடம்பில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைத் தின்று சுத்தம் செய்யும். நீல உடம்பு, நடுவே கறுப்புக் கோடு, துள்ளித் துள்ளி ஒரே ஆட்டம். அவற்றில் ஒன்று ஆடிக்கொண்டே நெருங்கி, லபக்கென்று வாலைக் கடித்துவிட்டு ஓடியது.

போன மாதம் இரண்டையும் கடலில் மூழ்கிப் பிடித்து வந்தவன் அவள் கொழுந்தன். அவனுக்கு போன் போட்டாள்.

“ரெண்டும் ஒரே இனம்தான் அண்ணி. ஒரே பாறையில பிடிச்சேன்.”

“வாயைப் பார்த்தியா?”

“மீனோட வாயை எவன் பார்ப்பான்?”

“வந்து பாரு.”

வந்தான். மூக்கு கண்ணாடியில் ஒட்ட ஒட்டப் பார்த்தான். ஒன்றுக்கு வாய் முகத்தின் நுனியில் இருந்தது. கடித்ததற்கோ, சுறாவுக்கு இருப்பதுபோல் மூக்குக்குக் கீழே.

“அடப்பாவி! வேஷம் போட்டு என்னையே ஏமாத்திட்டானே!”

வலையோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினான். அது பொந்துக்குள் போய்ப் போய் ஒளிந்ததுதான் மிச்சம். அவள் கவனித்தது வேறு. ஒவ்வொரு தடவையும் வாலை முதலில் விட்டு, பின்னால் நகர்ந்தே அது உள்ளே போனது. முகம் மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. பொந்தைக் கல்லால் அடைத்து, பக்கத்திலேயே ஒரு முனை மூடிய சின்னக் குழாய்த் துண்டைச் செருகி வைத்தாள். மத்தியானத்துக்குள் குழாயின் வாயில் ஒரு முகம் தெரிந்தது. திறந்த முனையிலும் மெல்ல ஒரு மூடியை அழுத்தி, குழாயோடு தூக்கிவிட்டாள்.

“திரும்பக் கொண்டுபோயிடட்டுமா அண்ணி?”

“என்ன அவசரம்? தனியா இருந்தாலும் ஆடுமான்னு பார்க்கணும்.”

தனித் தொட்டியில் அது ஆடவேயில்லை. ஒரு மணி நேரம் மூலையில் சும்மா கிடந்தது. பொறுமையிழந்த கொழுந்தன் தண்ணீரில் கையை விட்டான். நீல உடம்பு மெல்லத் துள்ளியது.

“ஆடுது அண்ணி, ஆடு... ஆ!”

விரலை உதறிக்கொண்டு பின்வாங்கினான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ‘கையைக் கண்டதும் ஆடியது’ என்று குறிப்பேட்டில் எழுதினாள். பிறகு பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலே நிமிர்ந்தாள்.

“ஒரு தடவை போதாது. அந்தக் கையையும் விடேன்.”