மேயர் நீந்திய வெள்ளம்

மாநகராட்சி இணையதளத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அடியில் பொடி எழுத்தில் 'சரிபார்த்தவர்' என்று போட்டு ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் படித்தவர் யாரும் இல்லை. அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

சும்மா வந்த பெயர் இல்லை. இறப்புப் பதிவு ஒன்றில் தேதி தப்பு என்று ஒருமுறை அவள் திருப்பி அனுப்பினாள். மறுநாள் செத்தவரே நேரில் வந்து, "தேதி மட்டும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பூங்காவைப் பற்றிய பக்கத்தில் நூற்றுப் பன்னிரண்டு மரங்கள் என்று இருந்ததை, நேரில் போய் எண்ணி, நூற்றுப் பதினொன்று என்று திருத்தினாள். தோட்டக்காரர் ரோஷப்பட்டு அன்றைக்கே ஒரு கன்றை நட்டார். கன்று வேறு, மரம் வேறு என்று ஆறு வருஷம் அந்தக் கணக்கை அவள் அசையவிடவில்லை. ஏழாவது வருஷம் அவளே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து ஒன்றைக் கூட்டினாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் பெயருக்கு மேலே ஒரு பொய் ஏறியதில்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது. வீடுகூட வாடகை வீடு.

மேயரின் வாழ்க்கைக் குறிப்பு மட்டும் அதுவரை அவள் மேஜைக்கு வராமல் தப்பித்திருந்தது. அதை மேயரின் உதவியாளரே எழுதி, அவரே படித்து, அவரே வியந்துகொள்வார். ஆனால் வரும் சனிக்கிழமை பத்து ஊர் மேயர்கள் விருந்தாளிகளாக வருகிறார்கள். மேடையில் குறிப்பை வாசிக்கும்போது அடியில் 'சரிபார்த்தவர்' என்று இருந்தால் ஒரு கெத்து என்று யாருக்கோ தோன்றிவிட்டது. திங்கட்கிழமை காலை, முப்பத்தோரு வரியும் பூதக்கண்ணாடியின் மேஜைக்கு வந்து சேர்ந்தன.

அவள் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளி ஓட்டப்பந்தயத்தில் இரண்டாம் பரிசு. பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பதிவேட்டைப் பார்த்தாள். இரண்டாம் பரிசுதான். ஓடியவர்களே இரண்டு பேர்தான் என்ற விவரம் குறிப்பில் இல்லை. இல்லாததைச் சரிபார்ப்பது அவள் வேலை இல்லை. டிக் போட்டாள்.

பதினான்காவது வரியில் பென்சில் நின்றது. 'ஊரை மூழ்கடித்த பெருவெள்ளத்தில் நீந்திச் சென்று, பதினேழு உயிர்களைத் தோளில் சுமந்து கரைசேர்த்தார்.'

வெள்ளம் வந்து ஐம்பத்து மூன்று வருஷம் ஆகிறது. பிறப்புப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தாள். வெள்ளம் வடிந்து ஐந்து மாதம் கழித்துத்தான் மேயர் பிறந்திருந்தார். வரிக்குப் பக்கத்தில் 'சம்பவத்தின்போது இவர் இன்னும் பிறக்கவில்லை' என்று சிவப்பில் எழுதிக் கட்டைத் திருப்பி அனுப்பினாள்.

அரை மணி நேரத்தில் உதவியாளர் வந்துவிட்டார். சிரிப்பு முன்னால் வர, ஆள் பின்னால் வந்தார்.

"அக்கா, ஒரே ஒரு சின்ன விஷயம். அந்த வெள்ளத்தை ஒரு இருபத்தஞ்சு வருஷம் இந்தப் பக்கம் தள்ளி வைக்க முடியாதா?"

"அது வெள்ளம் தம்பி. பீரோ இல்ல."

"சரி, அப்போ ஐயாவோட பிறந்த தேதிய அந்தப் பக்கம் தள்ளிடலாம். வெள்ளத்தப்போ இருபது வயசு வாலிபன். பொருத்தமா இருக்கும்."

பூதக்கண்ணாடி மறுபேச்சுப் பேசாமல் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டாள். "அப்போ இன்னைக்கு அவருக்கு எழுபத்து மூணு. அவங்க அம்மாவுக்கு எழுபத்து நாலு. ஒரு வயசுல பிள்ளை பெத்தாங்கன்னு நான் கையெழுத்துப் போடணும். பல்லு முளைச்சிருந்துதான்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு வாங்க."

உதவியாளரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. கூடவே 'அக்கா'வும் இறங்கினாள். "மேடம், வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த வரி ஏறணும். இல்லன்னா ஊர்க்கோடி பம்ப் ஹவுஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு. அங்க ஃபேன் கிடையாது. மோட்டார் சத்தத்துல நீங்க நினைக்கிறது உங்களுக்கே கேக்காது."

"பரவால்ல. இங்க நீங்க பேசறதுதான் கேக்குது," என்றாள் அவள்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது தையல்காரக் கணவர் வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுக்காமலே, "போட்டுத் தொலையேன், யார் படிக்கப்போறா?" என்றார்.

"நான் படிப்பேனே."

அவர் ஊசியை எடுத்துவிட்டு, பம்ப் ஹவுஸுக்கு எத்தனையாம் நம்பர் பஸ் போகிறது என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த வரியை வெறுமனே அடித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பொய்க்கும் ஒரு பிறந்த இடம் இருக்கும் என்பது அவள் கட்சி. புதன்கிழமை ஆவண அறைக்குள் போய், பழைய மீட்புப் பதிவேட்டைத் தேடி எடுத்தாள். கரையான் பாதி தின்றது போக மீதி அரசாங்கத்துக்கு இருந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்கள்: 'ஒரு பெண், நான்கு மாதக் கர்ப்பிணி, தன் வீட்டுக் கதவைக் கழற்றி மிதக்கவிட்டு, நான்கு நடையில் பதினோரு பேரைக் கொண்டுவந்து சேர்த்தாள்.' கீழே முகவரி. மேயர் பிறந்த வீட்டின் முகவரி அது.

மறுநாள் அந்த வீட்டு வாசலில் நின்றாள். மேயரின் தாயார் நாற்காலியில் உட்கார்ந்து, பேட்டரி போன டார்ச் லைட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் தட்டுவதை நிறுத்தினார்.

"பதினோரு பேரா? பன்னெண்டு."

"பதிவேட்டுல பதினொண்ணுதாம்மா இருக்கு."

"ஒரு ஆட்ட எவன் எழுதினான்? எல்லாரையும் விட அதுதான் ஒழுங்கா உக்காந்து வந்தது. மத்ததெல்லாம் நடுத்தண்ணியில சண்டை. யார் ஓரத்துல உக்கார்றதுன்னு."

"ஆட்டுக்குச் சான்று இல்லம்மா. சேர்க்க முடியாது."

"நீ பெரிய ஆளுதான்டி," என்றார் தாயார், திருப்தியாக. பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கினார். "என் பையன் தான் பண்ணதாச் சொல்லிட்டுத் திரியறான்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல சொல்லிச் சொல்லிச் சோறு ஊட்டினேன். அவன் சோத்தோட கதையையும் முழுங்கிட்டான். நான் ஒண்ணும் கேக்கல. ஆனா எங்கிட்ட யாரும் வந்து கேக்கவும் இல்ல. ஐம்பத்து மூணு வருஷத்துல நீதான் முதல்ல வந்திருக்க."

"நடந்தபடியே எழுதட்டுமா?"

"எழுது. கதவு தேக்குன்னு சேர்த்து எழுது."

"கதவு இருக்கா?"

தாயார் கட்டைவிரலால் பின்பக்கம் காட்டினார். பூதக்கண்ணாடி போய்ப் பார்த்து, நகத்தால் சுரண்டிப் பார்த்து, தேக்குதான் என்று எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினான்காவது வரி இணையதளத்தில் ஏறியது. 'ஊரை மூழ்கடித்த பெருவெள்ளத்தில் இவருடைய தாயார், தேக்குக் கதவொன்றை ஓடமாக்கிப் பதினோரு பேரைக் கரைசேர்த்தார். அப்போது நான்கு மாதக் கருவாக இருந்த மேயரும் நான்கு நடையும் உடன் சென்றார். மீட்புப் பணியில் அவர் எதுவும் செய்ததற்குச் சான்று இல்லை.' அடியில் அவள் பெயர்.

பத்தரை மணிக்கு மேயர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேயர் நல்ல உயரம். அன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருந்தார்.

"ஏம்மா, என்ன இது?"

"உங்க வரலாறுங்க ஐயா."

"நாளைக்குப் பத்து மேயர் முன்னாடி இதை வாசிப்பாங்க. நான் மூஞ்சிய எங்க கொண்டு போய் வைக்கிறது?"

"பொய்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இங்கயே நின்னு எடுத்துடறேன்."

மேயர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து மேஜை மேல் செல்போன் அதிர்ந்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. அவர் எடுக்கவில்லை. அது அடங்கியது. திரும்ப அதிர்ந்தது. மூன்றாம் தடவை அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். பொய் என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அதற்குப் பதிலாக இடமாற்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டார். உடனே அமலுக்கு வருகிறது, பிற்பகலே பம்ப் ஹவுஸில் சேர வேண்டும் என்று அதில் இருந்தது. அவள் வாங்கி, தேதியைச் சரிபார்த்து, மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவசரத்தில் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டார்கள். ஒரு வரியை ஏற்றியவர் கையெழுத்துப் போட்டால்தான் அதை இறக்க முடியும் என்று ஒரு விதி இருந்தது. விதியைக் கொண்டுவந்தவரே இந்த மேயர்தான். தன் காலத்துக்குப் பிறகு தன் புகழை யாரும் கழற்றிவிடக் கூடாது என்று அவர் செய்த ஏற்பாடு. புதிதாக அந்த மேஜையில் உட்கார்ந்தவர் எந்தப் பட்டனைத் தட்டினாலும் கம்ப்யூட்டர் பூதக்கண்ணாடியைக் கேட்டது.

மாலை நாலு மணிக்கு உதவியாளர் பம்ப் ஹவுஸுக்கு வந்தார். நான்கு மோட்டார்களும் ஓடிக்கொண்டிருந்தன. அவர் நீக்கப் படிவத்தை நீட்டி, கத்தினார்.

"அக்கா, ஒரு கையெழுத்து. திங்கட்கிழமையே பழைய சீட்டு. ஐயா வாக்குக் குடுத்திருக்காரு."

அவள் படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "நீக்கத்துக்குக் காரணம்னு போட்ட இடம் காலியா இருக்கே தம்பி."

"என்ன எழுதறது?"

"உண்மைய எழுதுங்க."

உதவியாளர் படிவத்தைச் சுவரில் வைத்து, வியர்க்க வியர்க்க வெகுநேரம் யோசித்தார். பத்து வருஷமாக அவர் அப்படி ஒரு விஷயத்தை எழுதியதில்லை, கை வரவில்லை. கடைசியில் ஒரு வரி எழுதி நீட்டினார். 'மேயருக்கு வெட்கமாக இருக்கிறது.'

பூதக்கண்ணாடி படித்தாள். பென்சிலை எடுத்துப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள்.

"காரணம் உண்மைதான். சரிபார்த்துட்டேன்," என்று மோட்டார்களுக்கு மேலாகக் கத்தினாள். "ஆனா ஒரு வரிய நீக்கறதுக்கு அது பொய்யா இருக்கணும். வெட்கம் போதாது."

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் அவரிடமே கொடுத்துவிட்டு, முதலாம் மோட்டாரின் தண்ணீர் அளவைக் காட்டும் முள் பக்கம் போய்க் குனிந்தாள். பதிவேட்டில் ஐந்து என்று எழுதியிருந்தது. முள் நான்கரையில் நின்றது.

"இதை யாருப்பா எழுதினது?" என்றாள்.