சாம்பல் நிறத்துக்கு நான் சொன்ன சாட்சி

எங்கள் ஓவியக் கல்லூரியின் நூலகம் நான்கு பக்கமும் கண்ணாடி. 1981இல் அதன் வாசலில் இளஞ்சிவப்பாகச் சில கிரேக்கத் தூண்களை நட்டார்கள். அவை எதையும் தாங்கவில்லை. கூரையைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிட்டன. சிமென்ட் தீர்ந்துபோனதற்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்துக் கல்லூரிப் பத்திரிகையில் எழுதினேன். தூண்களை வடிவமைத்தவரே தேடி வந்து கை குலுக்கினார். வேண்டுமென்றேதான் அப்படி விட்டாராம். சிகாகோவில் அப்போது அப்படித்தான் கட்டினார்கள்.

அந்தப் பத்திரிகையில் நையாண்டி என் பொறுப்பு. முகத்தில் ஒரு தசையும் அசையாமல் பேசுவேன். அதனால் நான் மணி என்ன என்று கேட்டால்கூட நாலு பேர் சிரிப்பார்கள்.

என்னோடு ஒரே பட்டறை அறையில் வரைந்தவன் ஆர்லன் குபியாக். அவன் வரைந்தது சாம்பல் நிறம். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று அல்ல, சாம்பல் நிறம் மட்டும். ஆளுயரக் கித்தானில் மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் சுரண்டல், மறுபடி பூச்சு. இரண்டு வருஷமாக இதே வேலை. "வெள்ளையடிக்க ஆள் கேட்டு வந்தாங்கடா, உன் பேரைக் கொடுத்திருக்கேன்" என்பேன். கோபப்பட மாட்டான்.

பனிக்காலத்தில் ஒருநாள் கட்டடத்தில் ஹீட்டர் பழுதாகிவிட்டது. வேறு நாற்காலி இல்லாமல் அவன் படத்துக்கு எதிரே உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்று தெரியாது. கிண்டலடித்துப் பிழைக்கிறவனுக்கு இது நல்ல அறிகுறி அல்ல. வெளியே சொல்லவில்லை.

ஆர்லனின் தெய்வம் பேராசிரியர் ஹாகன். ஓவியத்தில் கதை கூடாது, அலங்காரம் கூடாது, சிரிப்பு கூடவே கூடாது என்பது அவர் பாடம். மதிப்பீட்டு நாளில் வரைந்தவன் வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியும் அவருடையதுதான். "படம் பேசணும். நீ பேசினா படம் செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்பார். அந்த வசந்தத்தில் நுரையீரல் சரியில்லை என்று அரிசோனாவுக்குப் போய்விட்டார்.

அவர் இடத்துக்குக் கலிஃபோர்னியாவிலிருந்து வந்தவர் கொரின் வோகல் என்ற பெண்மணி. ரோமாபுரிச் சிலையின் வயிற்றுக்குள் டிவி வைத்துப் பேர் வாங்கியவர். ஹாகனின் பாடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்தார். மௌன விதியை மட்டும் விட்டுவைத்தார். "அர்த்தம் பார்க்கிறவங்ககிட்ட இருக்கு. வரைஞ்சவன் குறுக்க வரக்கூடாது" என்றார். இரண்டு மதத்துக்கும் ஒரே விரதம்.

கடைசி மதிப்பீட்டில் தேறினால்தான் பட்டம். வரைந்தவனுக்குப் பதிலாக ஒரு சக மாணவன் பேசலாம் என்பது வழக்கம். ஆர்லன் என்னிடம் வந்தான்.

"என்னை ஏன்டா கூப்பிடற? ஜூடித்தைக் கேளு. அவ முகத்தைப் பார்த்தாலே பேங்க் கடன் கொடுக்கும்."

"ஜூடித் என் படத்து முன்னாடி உட்கார்ந்ததே இல்ல. நீ உட்கார்ந்த."

"வேற நாற்காலி இல்லடா."

"சாண்ட்விச்சை மறந்துட்டு உட்கார்ந்திருந்த, டெக்ஸ். நான் பார்த்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பாஸோ ஃபெயிலோ, அது அவங்க இஷ்டம். நான் இதை நிஜமா வரைஞ்சேன்னு அவங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

மதிப்பீட்டு நாள். மடக்கு நாற்காலிகள், காகிதக் கோப்பைகளில் காபி. ஆர்லன் மூலையில் நின்றான். கொரின் படத்தைப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார், கையைத் தட்டினார்.

"என்ன தைரியம் பாருங்க. ஹாகன் தலைமுறையோட வீராப்பு மொத்தத்தையும் ஒரே சட்டத்துல மாட்டிட்டான். அந்த 'நான் பரிசுத்தமானவன்' முகபாவம் இருக்கே, அச்சு அசல்."

பக்கத்தில் இருந்த உதவிப் பேராசிரியர் பிரெஸ்டன், "சவப்பெட்டிக்குப் பூசற கலர்கூட கரெக்டா பிடிச்சிருக்கான்" என்றார்.

ஆர்லனின் காது மடல்கள் சிவந்தன. நான் எழுந்தேன்.

"இது கிண்டல் இல்ல" என்றேன். பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்றாள்.

"ஆர்லன் இதை நம்பி வரைஞ்சான்." இப்போது இரண்டு வரிசை.

"நான் இதுக்கு முன்னாடி உட்கார்ந்து சாப்பிடவே மறந்துட்டேன்."

பிரெஸ்டன் சிரிப்பில் வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அது ஏற்கெனவே சீரியஸாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் புளுகுவதற்கு இதே முகத்தைத்தான் பயன்படுத்தியிருந்தேன். உண்மைக்கென்று தனியாக ஒன்று எடுத்து வைக்கவில்லை.

"நான்..." என்று ஆர்லன் ஆரம்பித்தான்.

கொரின் ஒரு விரலை உயர்த்தினார். "ரூல், ஆர்லன்."

ஹாகனின் விதி. வேறு எவனாக இருந்தாலும் மீறியிருப்பான். ஆர்லன் வாயை மூடிக்கொண்டான். அவனுக்கு முதல் தகுதியில் தேர்ச்சி கொடுத்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் கொரினை மறித்தான். "அது ஜோக் இல்ல, கொரின்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிடிக்காமல் இருக்க முடியாத மனுஷி. "சரி, நிஜம்னே வச்சுக்குவோம். அப்போ இது முப்பது வருஷம் லேட். அன்னிக்கே உன்னைவிட நல்லா இதைப் பண்ணினவங்க இருந்தாங்க. நான் ஃபெயில்தான் போடணும். ஜோக்னா, இந்த வருஷத்துலயே இதுதான் பெஸ்ட். எதுன்னு நீயே சொல்லிடு."

"நிஜம்" என்றான் ஆர்லன். "ஃபெயில் போடுங்க."

கொரின் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "கடைசி வரைக்கும் வேஷத்தைக் கலைக்கல பாரு. அதான் முதல் தகுதி." அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பட்டறையில் ஆர்லன் காலி பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுப் படத்துக்கு முன் உட்கார்ந்தான். நான் கீழே போய் பாஸ்ட்ராமி சாண்ட்விச் வாங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் வேண்டாம் என்றான்.

"டெக்ஸ், உண்மையைச் சொல்லு. அன்னிக்கு உனக்கு இதுல ஏதாவது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"என்ன?"

"சொல்லத் தெரியலடா. இடது ஓரத்துல ஒரு வெதுவெதுப்பு. வெளியில பனி கொட்டுது, ஹீட்டர் இல்ல, எனக்குக் குளிரவே இல்ல."

என் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். நான் அதை அப்படியே வைத்திருந்தேன். வேறு எப்படி வைப்பது என்று தெரியவில்லை. அவன் உதட்டோரம் துடித்தது.

"நல்லா பண்றடா" என்றான். சிரிக்க ஆரம்பித்தான். நிறுத்தப் பார்த்தான், முடியவில்லை.

நான் படத்தின் இடது ஓரத்தைப் பார்த்தபடி சாண்ட்விச்சைப் பிரித்தேன். அவன் சிரிப்பு அடங்குவதற்குள் முழுசாகச் சாப்பிட்டு முடித்திருந்தேன்.