மடத்துக் கல்

ஜென்சிக்குக் குழப்பம் பிடித்தது இங்கிலாந்தில் இல்லை. மேலப்புதூர் வீட்டில், பெட்டியைப் பிரித்த அன்றைக்கு. காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்த கல் அம்மா ரோசரியின் கையில் அகப்பட்டுவிட்டது.

"ஏதுடி இது?"

உள்ளதைச் சொன்னால் அது கழிப்பறைக் கல். லீவுக்கு யார்க் பக்கம் நர்ஸாக இருக்கும் பெலிண்டா அத்தை வீட்டுக்குப் போனவள், அத்தை மகன் டோனியோடு போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமா? ஒரே நாளில் இடிந்த மடம் ஒன்றும் இடிந்த கோட்டை ஒன்றும் பார்த்தார்கள். கூரையில்லாத மடத்தில் அத்தை முட்டி போட்டு ஜெபித்தாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அங்கே அடக்கி வைத்த சேட்டையையெல்லாம் கோட்டையில் அவிழ்த்துவிட்டார்கள். உள்ளே போகாதே என்று கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் புகுந்து, சுவரடிப் பொந்துக்குள் தவழ்ந்து, கையில் அகப்பட்ட கல்லோடு ஜென்சி வெளியே வந்தாள். பக்கத்துப் பலகையைப் படித்த டோனி புல்லில் விழுந்து புரண்டு சிரித்தான். அந்தக் காலத்துப் பிரபுக்கள் மாடியில் உட்கார்ந்து போனது வந்து விழுகிற பொந்தாம் அது.

இதை அம்மாவிடம் சொல்ல முடியுமா? எடுத்ததற்கு ஒரு பூசை, எடுத்த இடத்துக்கு ஒரு பூசை விழும்.

"மடத்துக் கல்லும்மா. அந்தக் காலத்துச் சாமியாருங்க இருந்த இடம்."

அம்மாவின் முகமே மாறிவிட்டது. கல்லைக் கண்ணில் ஒற்றி, உதட்டில் வைத்து முத்தி செய்து, வேளாங்கண்ணி எண்ணெய்க்கும் மாதா சுரூபத்துக்கும் நடுவில் வைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராகிவிட்டது. அடி விழவில்லையே என்று சந்தோஷப்படுவதா, மெழுகுவத்தி எரிகிறதே என்று பயப்படுவதா, ஜென்சிக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் பார்த்தால் கல்லைக் காணோம்.

"ரெங்கா டீச்சர்கிட்ட குடுத்திருக்கேன். பாவம், அவங்களுக்குத்தான் இப்ப வேணும்," என்றாள் அம்மா.

ரெங்கநாயகி டீச்சரும் அம்மாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவர்கள். வேளாங்கண்ணி எண்ணெய் ஸ்ரீரங்கத்துக்குப் போகும், பெருமாள் துளசி மேலப்புதூருக்கு வரும்; அவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். டீச்சரின் கணவர் பாலமுரளி மாமா வாயைத் திறந்தால் பக்கத்து வீடும் சேர்ந்து சிரிக்கும். பக்கவாதம் வந்து அந்த வாய்தான் அடைத்துப் போயிருந்தது. சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை. தன்னைப் பார்த்ததும் 'வாடி வானரம்' என்று கூப்பிடுகிறவர் இனிக் கூப்பிடவே மாட்டாரோ என்று ஜென்சி இரண்டு தடவை அழுதிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மாவும் மகளும் பஸ் ஏறினார்கள். ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில், டீச்சர் வீட்டில் ஜென்சி கண்ட காட்சி இருக்கிறதே! மாமாவின் தலைமாட்டில் மணைபோட்டு, அதன்மேல் வெள்ளித்தட்டு. தட்டில் கல். கல்லுக்குத் துளசி.

"தீர்த்தமாடாம நான் அதைத் தொடறதில்லை ரோசரி," என்றார் டீச்சர். "மகான்கள் வாசம் பண்ணின இடத்துக் கல்லாச்சே. நேத்து விரலை அசைச்சார், தெரியுமோ?"

திருடனுக்குத் தேள் கொட்டியது போல் நின்றாள் ஜென்சி. சொன்னால், இத்தனை ஆசாரமான டீச்சர் எத்தனை தடவை தலைக்குக் குளிப்பாரோ. அசைந்த விரல் நின்றுவிட்டால்? சொல்லாவிட்டால், அந்தக் கல் அங்கேயே மாமா தலைமாட்டிலேயே இருக்குமே. அதனால்தான் பேச்சு வரவில்லையோ?

பெரியவர்கள் இருவரும் காப்பி போட உள்ளே போனார்கள். கேட்டதை வெளியே சொல்லாத ஆளிடம்தான் பாவத்தைச் சொல்ல வேண்டும். ஞானோபதேச வகுப்பில் அப்படித்தான் படித்திருந்தாள். மாமாவைவிட அப்படிப்பட்ட ஆள் யார்? கட்டிலருகே முட்டி போட்டு, சிலுவை போட்டு, அவர் காதோடு ஆரம்பித்தாள்.

"மாமா, இது மடத்துக் கல் இல்ல. கோட்டையில எடுத்தது. கக்கூஸ் பொந்து மாமா. பிரபுங்க மேலேருந்து... டீச்சர் துளசி போடுறாங்க. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல."

மாமாவின் கண் மெதுவாகத் தட்டுப் பக்கம் திரும்பியது. துளசியைப் பார்த்தது. வயிறு குலுங்கியது. பிறகு தொண்டைக்குள் பழைய மோட்டார் கிளம்புவது போல் ஒரு சத்தம் வந்து, அது நிற்காமல் பெரிதாகி, கண்ணில் நீர் வழிய அவர் சிரித்தார்.

டம்ளரோடு ஓடி வந்த டீச்சர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பிறகு கல்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா சிலுவை போட்டாள். மாமாவுக்கு அதைப் பார்த்து இன்னும் சிரிப்பு.

"பேச்சும் வந்துடும் ரோசரி, எனக்கு நம்பிக்கை வந்துடுத்து," என்று டீச்சர் அழுதார்.

அப்போதுதான் ஜென்சிக்கு உறைத்தது. பேச்சு வந்தால் மாமா முதலில் எதைச் சொல்வார்?

அன்று சாயந்திரம் ஜெபமாலை முடிந்து அம்மா, "நீயும் ஒரு மன்றாட்டு சொல்லும்மா," என்றாள். ஜென்சி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பாலமுரளி மாமாவுக்குச் சீக்கிரம் பேச்சு வரணும் ஆண்டவரே. அவர் முதல்ல என்ன சொன்னாலும் பரவாயில்ல."

"ஆமென்," என்றாள் அம்மா, மனமுருகி.