ஒடுக்கு எடுத்த டிரம்

அப்பாசாமி டிரம்மைத் தோளில் வைத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் சுகுணா வாசலுக்கு ஓடினாள். டிரம் பளபளவென்று மின்னியது. ஒரு நசுங்கல்கூட இல்லை.

"ஏனுங்க மாமா, என்ன பண்ணுனீங்க இத?"

"இரவல் வாங்குனத நசுங்கலோடயா திருப்பித் தர்றது, கண்ணு? பேத்தி காதுகுத்துக்குச் சோறாக்குன கையோட, பொறுமையா உக்காந்து ஒடுக்கு எடுத்துப்போட்டேன்." பக்கத்து வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அந்த ஊரில் அதுதான் மரியாதை. அவரை என்னவென்று கோபித்துக்கொள்வது?

சுகுணா மெக்கானிக்கல் படித்தவள். ஊறிய மிளகின் தோலை உரித்து வெள்ளை மிளகாக்க ஒரு மிஷின் செய்திருந்தாள். டிரம்முக்குள் ஓர் உருளை, இரண்டுக்கும் நடுவே தண்ணீரும் மிளகும். உருளை சுற்றினால் மிளகுகள் உரசித் தோல் கழலும். ஆனால் வழவழப்பான சுவருக்குள் தண்ணீர், சும்மாடுகளை அடுக்கி வைத்ததுபோல வளையம் வளையமாகப் பிரிந்துகொண்டது. ஒரு வளையத்தில் சிக்கிய மிளகு அடுத்ததற்குப் போகவே இல்லை. பாதி வெளுத்தது, பாதி கறுப்பாகவே கிடந்தது.

பிறகு மலைக்கு ஏற்றிவந்த லாரியில், கொண்டை ஊசி வளைவுகளில் டிரம் உருண்டு கண்டபடி நசுங்கியது. அழாத குறையாக ஓட்டிப் பார்த்தாள். மிளகு முழுக்க ஒரே வெள்ளை! சுவரின் மேடுபள்ளத்தில் முட்டி வளையங்கள் கலைந்து, மேலும் கீழும் கலந்துவிட்டிருந்தன. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாசாமி டிரம்மை இரவல் கேட்டபோதுகூட. "என் டிசைன்தான்" என்றாள். லாரி செய்த வேலையை ஒப்புக்கொள்ளக் கௌரவம் விடவில்லை.

இன்று அடிவாரத்து மிளகு வியாபாரி ஜாபர் உசேன் பார்க்க வருகிறார். பிடித்தால் மலை முழுக்க இந்த மிஷின்தான். பிடிக்காவிட்டால் அவள் உழைப்பெல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. அப்போதும் வாய் திறக்காமல், அந்த டிரம்மையே மாட்டி ஓட்டினாள்.

ஜாபர் உசேன் ஒரு கை அள்ளிப் பார்த்தார். "என்னம்மா இது, அரைகுறையா கழுவின உளுந்து மாதிரி? நீ அனுப்புன சாம்பிள் இப்படி இல்லையே."

அப்பாசாமியின் முகம் வாடியது. "நான் கைவச்சதாலயா, கண்ணு?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும், பழி அவரோடு போய்விடும். சுகுணாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"இல்லீங்க மாமா. பாய், இது என் டிசைனே இல்லீங்க. லாரியில நசுங்குனதாலதான் நல்லா ஓடுச்சு. மாமாகிட்டகூட நான் சொல்லல."

டிரம்மைக் கழற்றிக் கீழே போட்டு, சுத்தியலால் ஓங்கி அடித்தாள். அது உருண்டு ஓடியது. அப்பாசாமி வந்து குந்தி, இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த ஈட்டு மிளகு ஒன்றுபோல வெளுத்து வந்தது. ஜாபர் உசேன் சிரித்தார். "லாரி டிசைனே இருக்கட்டும்மா. எனக்குப் பத்து மிஷின் வேணும்."

அப்பாசாமி நசுங்கல்களைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நசுங்கலோடயே தந்திருப்பனே, சாமி" என்றார்.