சூப் கிண்ணத்தில் மாஸ்கோ

மாஸ்கோ வானொலியைத் தனியாகக் கேட்டால் எச்சரித்து விட்டுவிடுவார்கள். கூடி உட்கார்ந்து கேட்டால் தேசத்துரோகம். 1935இல், நாஜிகள் ஆண்ட ஜெர்மனியில், பார்மன் நகர நெசவாலைகளில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் போலீசார் எவால்டை இழுத்துப்போனபோது அவன் படியில் நின்று மனைவியைப் பார்த்து, "நான் தனியாத்தான் கேட்டேன், கெர்டா" என்றான்.

உண்மையில் ஞாயிறுதோறும் அவளும் ஆலைத் தோழர்கள் மூவரும் கூட இருந்தார்கள். அன்று தோழர்கள் கிளம்பிக் கால்மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

எவால்ட் தானே செய்த வானொலிப் பெட்டி அது. ஒலிபெருக்கி கிடையாது, காதில் மாட்டும் கருவி மட்டும்தான். அதைச் சூப் பரிமாறும் பீங்கான் கிண்ணத்துக்குள் வைத்தால் மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் மெல்லக் கேட்கும். கெர்டா காப்பிக் கோப்பைகளை உடனே கழுவி அடுக்கிவிட்டாள். கிண்ணத்தை மறந்துவிட்டாள்.

மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார்கள். விசாரணை அதிகாரியின் மேசைமேல் பெட்டியும் கிண்ணமும் இருந்தன. தனியாகக் கேட்பவனுக்குக் கிண்ணம் எதற்கு என்றார். அவருக்குக் காதுவலி, மாட்டிக்கொள்ள முடியாது என்றாள். வழியெல்லாம் யோசித்துவைத்த பதில்.

அதிகாரி மறுக்கவில்லை. பெட்டியை முடுக்கி பெர்லினைப் பிடித்தார். ஓர் அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். கருவியைக் கிண்ணத்தில் வைத்தார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். வாசல் காவலர் உள்ளே வந்தார். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் கடித்த ரொட்டியோடு வந்து நின்றார். அமைச்சர் பேசும்போது யார் முதலில் நகர்வது? அதிகாரியாலும் பெட்டியை அணைக்க முடியவில்லை. ரொட்டிக்காரர் மெல்லாமல் நின்றார். பேச்சு முடியப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

"பாத்தியாம்மா, கூப்பிடாமலே அஞ்சு பேர் கூடிட்டோம். உங்க வீட்டுல எத்தன பேரு?"

தனி என்ற சொல் இனி எவால்டைக் காப்பாற்றாது. மற்ற மூவரையாவது காப்பாற்றலாம்.

"ரெண்டு பேர். நானும் அவரும்."

"காதுவலி?"

"பொய். எனக்கும் கேக்கணும்னுதான் கிண்ணம்."

"சட்டத்துக்கு ரெண்டு பேரே போதும். புரியுதுல்ல?"

"புரியுது."

அவர் உடனே பேனாவைத் திறக்கவில்லை. மற்றவர்கள் பெயரைச் சொன்னால் அவள் வீட்டுக்குப் போகலாம் என்றார். மற்றவர்கள் யாருமில்லை என்றாள் கெர்டா. தட்டச்சுப் பெண் இரண்டு பெயர்களை அடித்தாள். சிறையறைக்குக் கொண்டுபோகுமுன் காவலர் கெர்டாவிடம் தலைமுடி ஊசிகளைக் கழற்றித் தரச் சொன்னார்.