உடைந்த ஊசியின் எல்லாத் துண்டுகளும்

1

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கடிதம் வந்தது.

இந்தக் கதை பிறந்தது இந்த வரியிலிருந்துதான். ஆனால் இதற்கு முன் நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்று வானத்தைப் பற்றியது. ஒன்றில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே ஓடிவருகிறது. அதை மறுநாளே கிழித்தேன். மூன்றாவதில் மழை. நான்காவது இப்படி: "பொம்மைகள் குழந்தைப் பருவத்தைவிட அதிக நாள் உழைக்கின்றன, ஆகவே". ஆகவே என்ன என்று தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

கடிதத்தில் இருந்தது இது. ஐந்து வருடங்களுக்கு முன் நாங்கள் வாங்கிய ஒளிரும் கரடியை, அதைச் செய்த நிறுவனம் திரும்பப் பெறுகிறது. முதுகில் பேட்டரி மூடியைப் பிடித்திருக்கும் திருகாணி நாளடைவில் தளரக்கூடும். உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகலாம். பொம்மையை உடனே அப்புறப்படுத்துங்கள். 'உடனே' மட்டும் தடித்த எழுத்தில்.

கரடி வந்த பெட்டிக்குள் இருந்த சிறிய அட்டையில் எங்கள் முகவரியை எழுதி அப்போதே நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தது என் மனைவி. இதையெல்லாம் யாராவது அனுப்புவார்களா என்று அன்று அவளைக் கேலி செய்தேன்.

கரடி எங்கள் வீட்டில் இல்லை. தம்பி வீட்டில் இருந்தது.

2

தம்பி மனைவியை எழுதுவது கடினமாக இருக்கிறது.

குழந்தைகளுக்கான உடை தைக்கும் ஆலையில் அவளுக்கு வேலை. கடைசி மேசை. தைத்து வரும் சட்டைகளை உள்ளும் புறமும் தடவிப் பார்த்து, பித்தான்களை இழுத்துப் பார்த்து அனுப்ப வேண்டும். அங்கே ஒரு விதி உண்டு. தையல் எந்திரத்தில் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, ஒரு நோட்டில் ஒட்டி, கிழமையும் நேரமும் எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டு நகராது. முந்நூறு சட்டைகளையும் பிரித்துத் தேடுவார்கள்.

வீட்டிலும் அப்படித்தான். பொம்மை வந்தால் கண்ணை இழுத்துப் பார்ப்பாள். சாயத்தை முகர்வாள். கழிப்பறைக் காகிதச் சுருளின் அட்டைக் குழாய் ஒன்றைக் கைவசம் வைத்திருந்தாள். அதற்குள் நுழையும் எதுவும் குழந்தையின் தொண்டைக்குள்ளும் நுழையும் என்பாள். மாதம் ஒருமுறை, திரும்பப் பெறப்படும் பொம்மைகளின் பட்டியலைக் கைபேசியில் படிப்பாள். யாரோ பயன்படுத்திய பொம்மையை வாங்கவே மாட்டாள். நானும் தம்பியும் அவளுக்கு வைத்த பெயர் இன்ஸ்பெக்டர். அவளுக்கு அது பிடித்திருந்தது.

என் கதைகளை அச்சுக்குப் போகுமுன் படிப்பதும் அவள்தான். நடையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டாள். "வெள்ளிக்கிழமை செத்தவரு சனிக்கிழமை காபி குடிக்கிறாரு மாமா" என்பாள்.

(முதல் பிரதியில் அவளைக் கொஞ்சம் எரிச்சலூட்டுகிறவளாக எழுதியிருந்தேன். தொணதொணப்பு, சந்தேகம், மூக்கைச் சுளிப்பது. வாசகருக்கு அவளைப் பிடிக்காமல் போனால் என்னை மன்னிப்பது சுலபம். அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டேன்.)

3

அவளுடைய மகளுக்கு இரண்டரை வயது. வீட்டில் அவளை வாண்டு என்போம்.

என் மகன் வளர்ந்துவிட்டான். கடிதம் வருவதற்கு ஒரு மாதம் முன்புவரை கரடி எங்கள் அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. வயிற்றை அமுக்கினால் மஞ்சளாக ஒளிரும். கிழிசல் இல்லை, அழுக்கு இல்லை. வாண்டுவுக்குக் கொடுக்கும்போது புதிதென்றே சொல்லிவிடலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

துவைத்துக் காயவைத்தேன். மகன் பெயர் எழுதியிருந்த துணிச் சீட்டை வெட்டினேன். தயாரித்த வருடம் அதில்தான் இருந்தது. புதுப் பேட்டரி போட்டேன். மூடியைத் திருகும்போது திருகாணி பிடிக்காமல் சும்மா சுற்றியது. அதைக் கழற்றி, இரண்டு சுற்று நூல் சுற்றி*, மறுபடி திருகினேன். பிடித்தது. வேறொரு பொம்மையின் பெட்டியில் வைத்து, பளபளக்கும் தாள் சுற்றினேன்.

இன்ஸ்பெக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தாள். கட்டைவிரலால் மூடியை அழுத்தினாள். திருகாணியை நகத்தால் சுற்றிப் பார்த்தாள். அசையவில்லை.

"பாஸ்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

* வெள்ளை நூல். கதைக்குத் தேவையில்லை. அவள் கேட்பாள் என்பதால் எழுதுகிறேன்.

4

இந்தப் பகுதியைக் கடைசியாக எழுதினேன். வெகுநாள் இந்த இடம் காலியாக இருந்தது.

கடிதத்தை அகராதிக்குள் வைத்தேன். சனிக்கிழமை தம்பி வீட்டுக்குப் போவது வழக்கம். விளக்கு சரியாக எரியவில்லை, மாற்றித் தருகிறேன் என்று ஏதாவது சொல்லிக் கரடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். நான்கு நாள்தானே. நூல் வேறு சுற்றியிருக்கிறேன்.

அன்றே மாலை ஆறேகாலுக்குத் தம்பி மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மாமா, வாண்டுவோட கரடி எப்ப வாங்குனது?"

"ஏன்மா?"

"லிஸ்ட்ல ஒரு கரடி போட்டிருக்காங்க. நம்மளது மாதிரியே இருக்கு. ஆனா அது அஞ்சு வருஷத்துக்கு முந்தின சரக்காம்."

"நம்மளது போன மாசம் வாங்குனதும்மா. புதுசு."

"அதானே பாத்தேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா நிம்மதி."

பின்னால் வாண்டு கத்திக்கொண்டிருந்தாள். பெரியப்பாவிடம் தானும் பேச வேண்டுமாம். கொடுத்தாள். வாண்டு மூச்சு மட்டும் விட்டாள். பிறகு கலகலவென்று சிரித்துவிட்டு ஓடினாள்.

அந்தச் சிரிப்பைப் பற்றி இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. அது

5

சுருக்கமாகச் சொல்கிறேன்.

புதன்கிழமை மதியத்துக்குமேல் வாண்டு சாப்பிட மறுத்தாள். எச்சில் வடிந்துகொண்டே இருந்தது. தெருமுனையில் இருந்த மருத்துவரிடம் தூக்கிப் போனார்கள். எதையாவது விழுங்கியிருப்பாளா, வீட்டில் பொத்தான் பேட்டரி போட்ட பொருள் உண்டா என்று அவர் சரியாகத்தான் கேட்டார். ஒரு கரடி இருக்கிறது, ஆனால் புதிது, போன மாதம் வாங்கியது, மூடியை நானே சோதித்தேன் என்று தம்பி மனைவி சொன்னாள். என்னுடைய சொல் அவள் வாய் வழியாக மருத்துவரிடம் போனது. அவர் தொண்டைப் புண்ணுக்கு மருந்து எழுதிக்கொடுத்தார்.

வியாழன் காலை பெரிய மருத்துவமனை. எக்ஸ்ரே படத்தில் கழுத்துக்குக் கீழே ஒரு வட்டம். அதற்குள் இன்னொரு வட்டம். பேட்டரிக்குத்தான் அப்படி இரட்டைக் கோடு தெரியுமாம். தம்பி வீட்டுக்கு ஓடினான். கரடி கட்டிலுக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. முதுகு திறந்திருந்தது.

வாண்டு பிழைத்தாள். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். பால் அதன் வழியாகப் போகிறது. உணவுக்குழாயை விரித்துவிட இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மயக்க மருந்து. குரல் நரம்பும் கெட்டுவிட்டது. பேசினால் காற்றுதான் வருகிறது.

(முதல் பிரதியில் கரடி பாடியது. பாடும் பொம்மை, குரல் போன குழந்தை. செய்து வைத்தது போலிருந்தது. உண்மைக் கரடி பாடாது.)

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. பத்து நாற்பதுக்குக் கடிதம் வருகிறது. பத்து நாற்பத்தைந்துக்கு ஒருவன் செருப்பை மாட்டுகிறான்.

இரண்டாவது. அவள் தொலைபேசியில் கேட்கிறாள். அவன் உள்ளதைச் சொல்கிறான். பழசை எனக்குப் புதுசு என்று கொடுத்தீர்களா என்று திட்டிவிட்டு வைத்துவிடுகிறாள். ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கதைகளையும் படிப்பதில்லை. அவன் கதைகளில் செத்தவர்கள் காபி குடிக்கிறார்கள்.

எனக்குப் பிடித்தது இதுதான். இதற்கு மட்டும் ஒன்பது பக்கம் எழுதினேன். நான் இவ்வளவு நீளமாக எழுதுகிறவன் அல்ல.

7

தம்பி ஒரே ஒருமுறைதான் அவளைக் கேட்டான். மருத்துவமனையில், நான் பக்கத்தில் இருந்தபோது.

"ஊருல இருக்கற எல்லாத்தையும் சோதிப்பியே. இதை எப்படி விட்டே?"

அவள் வாண்டுவின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான்.

ஆலையில் கடைசி மேசையை விட்டுவிட்டாள். மடித்து அட்டையில் வைக்கும் பகுதிக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டாள். கண் சரியில்லை என்று காரணம் சொன்னாளாம். அட்டைக் குழாயைக் காணவில்லை. இன்ஸ்பெக்டர் என்று இப்போது யாரும் அவளைக் கூப்பிடுவதில்லை.

பட்டியலில் தன் கண்ணால் பார்த்தும் விட்டுவிட்டதாக அவள் நம்புகிறாள். ஒரு சொல் சொன்னால் அந்தப் பாரம் அவளிடமிருந்து இறங்கும். அதைச் சொல்வதற்குப் பதிலாக நான் கதை எழுதினேன்.

8

அவளிடம் கொடுத்தது வேறு பிரதி. அதில் நான் கடிகாரம் பழுது பார்ப்பவர். கரடி ஒரு வாத்து. தம்பி மனைவி, பக்கத்து வீட்டுப் பெண். நான்காம் பகுதி இல்லை. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு முதல் வரியை மட்டும் அப்படியே விட்டேன். நல்ல வரி என்பதால் விட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, பகல். அவர்கள் வீட்டுச் சமையலறை. வாண்டு உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தம்பி மனைவி ஒரு கையால் ஊசிக்குழலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பால் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. மறு கையில் பென்சில். மேசைமேல் என் தாள்கள்.

கடைசிப் பக்கத்தை முடித்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். பால் தீர்ந்தது. குழாயின் வாயை மூடி, வாண்டுவின் சட்டையை இறக்கிவிட்டாள்.

"மூணுக்கு அப்புறம் அஞ்சு இருக்கு மாமா."

நான்காவதை இன்னும் எழுதவில்லை என்றேன்.

வாண்டு என்னைப் பார்த்துக் காற்றாக ஏதோ சொன்னாள். பெரியப்பா என்றுதான் இருக்க வேண்டும்.

தம்பி மனைவி பென்சில் முனையை முதல் வரியின் மேல் வைத்தாள். கோடு போடவில்லை.

"ஒரு துண்டு குறையுது. இந்தக் கடிகாரக்காரருக்குக் கடிதாசி வந்த செவ்வாயும், நான் உங்களுக்கு போன் பண்ணேனே, அந்தச் செவ்வாயும் ஒண்ணா மாமா?"