சூட்டுப் பொட்டலங்கள்

டிசம்பர் முழுக்க மிசுக் தன் மகனின் துணிகளில் பை தைத்தாள். உள்சட்டையின் இடுப்பில், மேல்கோட்டின் உள்பக்கம், கையுறைகளின் புறங்கையில். குலுக்கினால் சூடேறும் பொட்டலங்களைச் செருகத்தான் அந்தப் பைகள். துணி திருத்தும் கடையில் வேலை முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். வீட்டில் தைத்தால் கணவன் கேலி செய்வான்.

மகன் ஜின்மோ ஜனவரியில் கட்டாய ராணுவச் சேவைக்கான பயிற்சிக்குப் போகிறான். அவனே கேட்டு வாங்கிய மாதம். அப்போது போனால்தான் திரும்பி வந்ததும் கல்லூரியில் ஒரு பருவம்கூட வீணாகாது. அதனால் எல்லாப் பையன்களும் அந்த மாதத்துக்கே முட்டி மோதுவார்கள். அவனுக்குக் கிடைத்தது வடக்கே, குளிர் கடுமையான சொர்வொன் பக்கத்து முகாம். அவள் கணவன் குவாங்ஹோ இளவயதில் ராணுவத்தில் இருந்த அதே இடம். தான் வேலைபார்க்கும் பேருந்து ஓட்டுநர்களின் ஓய்வறையில் குவாங்ஹோ அதை எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தான்.

மகனின் விரல்கள் குளிரில் செத்துப்போகும் என்பது மிசுக்குக்குத் தெரியும். உயர்நிலைப் பள்ளிக் காலத்திலிருந்தே அப்படித்தான். முதலில் நுனி வெளுக்கும், பிறகு விரல் முழுக்க மெழுகுபோல ஆகிவிடும். ஊசியால் குத்தினாலும் தெரியாது. ராணுவத்துக்கான உடல் பரிசோதனை ஆகஸ்டில் நடந்தது. வெயிலில் விரல்கள் நன்றாகவே இருந்தன. அவன் எதுவும் சொல்லவில்லை. அவளையும் சொல்லவிடவில்லை. சொன்னால் உடல்தகுதித் தரத்தைக் குறைத்து, முகாமுக்குப் பதிலாக ஏதாவது வட்டார அலுவலகத்தில் உட்காரவைப்பார்கள். அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று கெஞ்சினான். அவள் ஒத்துக்கொண்டாள். பை தைக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

குவாங்ஹோ தன் வழியில் பையனைத் தயார்செய்தான். விடிந்ததும் ஆற்றங்கரைக்கு ஓடக் கூட்டிப்போனான். காலுறையை எப்படிச் சுருக்கமில்லாமல் இழுப்பது, நனைந்த பூட்ஸுக்குள் என்ன திணிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தான். ஓடும்போது கையுறையைக் கழற்றச் சொன்னான். கையும் குளிருக்குப் பழக வேண்டுமாம். அவர்கள் திரும்பி வருவதற்குள் மிசுக் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் எடுத்து வைத்திருப்பாள். ஜின்மோ முகம் கழுவுகிற சாக்கில் விரல்களை அதில் முக்கிக்கொண்டு நிற்பான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மொட்டையடித்துக்கொண்டு வந்தான். குவாங்ஹோ சாப்பாட்டு மேசையில் மாட்டு எலும்புச் சூப்பைக் கிண்டிக்கொண்டே பார்த்தான்.

"உரிச்ச வெங்காயம் மாதிரியே இருக்கான். பார்த்து, தெரியாம சூப்புல போட்டுடாத, ஜின்மோ அம்மா."

பிறகு நாற்காலியில் தொங்கிய கோட்டைத் தடவிப் பார்த்தான்.

"எவ்வளவு பை! போட்டுட்டுப் போற துணியெல்லாம் அங்க கழற்றி, பெட்டியில கட்டி வீட்டுக்கே அனுப்பிடுவாங்க. உன் நூலு உன்கிட்டயே வந்துடும்."

"அதுவரைக்குமாவது சூடா இருக்கட்டும்" என்றாள்.

காலையில் கூடத்தில் ஜின்மோ அவர்களை விழுந்து வணங்கினான். தரைக்கடியில் பதித்த குழாய்களில் சூடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவனுடைய மொட்டைத் தலையைப் பார்க்கவில்லை. தரையில் பதிந்திருந்த விரல்களைப் பார்த்தாள். சிவப்பாக இருந்தன.

முகாம் வாசலில் இருந்த சாப்பாட்டுக் கடையில் கறி வாங்கி மேசை அடுப்பிலேயே சுட்டார்கள். யாரும் சாப்பிடவில்லை. மைதானத்தில் பனியை ஓரமாகத் தள்ளிக் குவித்திருந்தார்கள். மொட்டைத் தலைகள் வரிசையாக நின்றன, பெற்றோர்கள் படிக்கட்டுகளில். கையுறைகளைக் கழற்றும்படி வரிசைக்கு உத்தரவு வந்தது. பிறகு ஒலிபெருக்கி சொன்னது: உடம்புக்கு ஏதாவது இருப்பவர்கள் இப்போதே இடப்பக்கம் வரவும், பெற்றோரும் கூட வரலாம். சில பையன்கள் நகர்ந்தார்கள். ஜின்மோ நகரவில்லை. கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

மிசுக் எழுந்தாள்.

"எங்க போற?"

"அவனுக்கு விரல் செத்துப்போகும். குளிர்ல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னான்."

குவாங்ஹோ மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான். "ஆற்றங்கரையில பார்த்தேன். பழகிடும்னு நினைச்சேன். நீ பயப்படுவேன்னு சொல்லல."

அவள் படியிறங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து அவனுடைய காலடிச் சத்தமும் பின்னால் கேட்டது.

வரிசையிலிருந்து அழைத்தபோது ஜின்மோ அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவன் காது சிவந்துபோயிருந்தது. மைதானத்தின் ஓரத்தில் இருந்த மருத்துவ அறையில் அடுப்பு எரிந்தது. வெளியே வரிசை நீண்டிருந்தது, உள்ளே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முறை வந்தபோது ராணுவ மருத்துவர் அவனுடைய விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் வெளுத்து, உடனே சிவந்தது. அவருக்கு ஜின்மோவைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும்.

"நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். அம்மா சும்மா பயப்படுறாங்க."

மருத்துவர் சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. பெஞ்சில் காத்திருந்த பையன்களைப் பார்த்து, எல்லா அம்மாக்களும் இப்படித்தான் என்பதுபோலத் தலையாட்டினார். அடுத்தவனை அழைத்தார்.

மிசுக் மகனின் கோட்டைத் திறந்தாள். உள்பக்கப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கை சுட்டது. மேசைமேல் வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். உள்சட்டையைத் தூக்கி இடுப்பில் இருந்தவற்றை எடுத்தாள். காலையில் அவளே குலுக்கி, அவளே செருகியவை.

"அம்மா, விடு" என்றான் ஜின்மோ. குரலைத் தாழ்த்தியிருந்தான். "எல்லாரும் பார்க்குறாங்க. விடு."

அவள் அவன் கையில் பிடித்திருந்த கையுறைகளையும் வாங்கிக்கொண்டாள். மேசையில் பொட்டலங்கள் குவிந்தன.

"டாக்டர், இங்க தெரியாது" என்றாள். "வெளிய நிக்க வெச்சுப் பாருங்க. தயவு செஞ்சு, கொஞ்ச நேரம்."

மருத்துவர் பொட்டலங்களைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். வெளியே போய் நில்லுங்கள், கூப்பிடுகிறேன் என்றார்.

கதவுக்கு வெளியே பனிக்குவியல் பக்கம் நின்றார்கள். ஜின்மோவின் கைகள் கோட்டுப் பையை நோக்கிப் போயின. மிசுக் மணிக்கட்டுகளைப் பிடித்து நிறுத்தினாள். அவன் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை.

குவாங்ஹோ தன் கையுறைகளைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். மைதானத்தில் எண்ணிக்கை எடுக்கும் சத்தம் கேட்டது. ஜின்மோவின் பெயரை அவர்கள் கூப்பிடவில்லை.

மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான். மிசுக் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களையே பார்த்தாள். இன்னும் சிவப்பாகத்தான் இருந்தன. காற்று வந்தது. சீக்கிரம், என்று அவள் மனதுக்குள் சொன்னாள். சுண்டுவிரல் நுனியில் ஒரு வெள்ளை தெரிந்தது.

குவாங்ஹோ மருத்துவரைக் கூப்பிட உள்ளே போனான்.